துக்க வீட்டில் பிறந்த நகைச்சுவை

அமெரிக்கத் தொலைக்காட்சியின் குடும்ப நகைச்சுவைத் தொடர்களில் ஒரு பழைய வழக்கம் உண்டு. கதை தொடங்கும் முன்பே தாயோ தகப்பனோ இறந்துபோயிருப்பார். 1960இல் தொடங்கிய ‘மை த்ரீ சன்ஸ்’, மனைவியை இழந்த ஒருவர் மூன்று ஆண்பிள்ளைகளை வளர்க்கும் கதை. அதே ஆண்டு வந்த ‘ஆண்டி கிரிஃபித் ஷோ’விலும் தாயில்லாப் பிள்ளைதான். 1968இன் ‘ஜூலியா’வில் வியட்நாம் போரில் கணவனைப் பறிகொடுத்த கறுப்பினத் தாதி ஒருத்தி தன் மகனைத் தனியாக வளர்க்கிறாள். 1969இன் ‘பிரேடி பஞ்ச்’சில், மூன்று மகன்களோடு இருக்கும் ஒருவர் மூன்று மகள்களோடு வரும் பெண்ணை மணக்கிறார், அந்தப் பெண்ணின் முந்தைய கணவன் என்ன ஆனான் என்று 117 அத்தியாயங்களிலும் யாரும் சொல்வதில்லை. 1987இல் தொடங்கிய ‘ஃபுல் ஹவுஸ்’ வீட்டில் தாய் வாகன விபத்தில் போய்விட, மைத்துனனும் நண்பனும் குடியேறி மூன்று பெண்பிள்ளைகளை வளர்க்கக் கைகொடுக்கிறார்கள்.

இவற்றில் நல்ல தொடர்கள் உண்டு. ஆனால் சாவு இவற்றில் கதைக்கு வேண்டிய ஒரு வசதியாகவே வருகிறது. வீட்டில் ஓர் ஆளைக் குறைத்தால் தகப்பன் சோறாக்கத் தடுமாறுவான், பிள்ளைகள் குறும்பு செய்வார்கள், சிரிப்பு தானாக வரும். இறந்தவளின் சேலையை யார் மடித்து வைத்தார்கள், அவள் படுத்த இடத்தில் இப்போது யார் படுக்கிறார்கள் என்று கதை கேட்பதில்லை. கேட்டால் சிரிப்பு நின்றுவிடும் என்ற பயம் அறுபது ஆண்டுகளாக அந்தத் தொழிலில் இருந்தது.

2020 ஏப்ரல் 27இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியான ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ அந்தப் பயத்தை விட்ட தொடர். அது ஒரு தமிழ் வீட்டின் கதையும்கூட. மிண்டி கேலிங், லாங் ஃபிஷர் இருவரும் உருவாக்கியது. 2023 ஜூன் வரை நான்கு பருவங்கள், மொத்தம் நாற்பது அத்தியாயங்கள். மிண்டி கேலிங்கின் தகப்பன் சொக்கலிங்கம் குடும்பத்துத் தமிழர். தாய் வங்காளி, 2012இல் காலமானவர். கலிபோர்னியாவின் ஷெர்மன் ஓக்ஸில் ஒரு வீடு. தோல் மருத்துவர் நளினி, கணவனை இழந்தவர். பதினைந்து வயது மகள் தேவி. ஆராய்ச்சிப் படிப்புக்கு இந்தியாவிலிருந்து வந்து தங்கியிருக்கும் உறவுப் பெண் கமலா. இரண்டாம் பருவத்தில் நளினியின் மாமியார் நிர்மலாவும் வந்து சேர்கிறார். ஆண் துணை இல்லாமல் மூன்று தலைமுறைப் பெண்கள் ஒரே கூரையின் கீழ். இறந்த தகப்பன் மோகன் மகளின் நினைவிலும் கனவிலும் வந்துபோகிறார்.

இந்தத் தொடரைப் பற்றி ஆங்கிலத்தில் நிறைய எழுதிவிட்டார்கள். பெரும்பாலும் ‘பிரதிநிதித்துவம்’ என்ற ஒற்றைக் கோணத்தில்தான். பழுப்பு நிறப் பெண் கதாநாயகி ஆனாள், மகிழ்ச்சி என்று பாராட்டுவார்கள். அல்லது அவளைச் சரியாகக் காட்டவில்லை என்று குறைபடுவார்கள். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுபவை இரண்டு கேள்விகள். துக்க வீட்டில் நகைச்சுவை செய்ய முடியும் என்று இது நிரூபித்ததா? தமிழ் வீடு என்று இதைச் சொல்ல முடியுமா?

முதல் கேள்விக்கு நமக்கு நம்முடைய அளவுகோலே இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலிலும் அழுகையை அடுத்தும் வைக்கிறது. இளமை, எள்ளல், மடமை, பேதைமை ஆகிய நான்கிலிருந்து நகை பிறக்கும் என்கிறது. அழுகை பிறக்கும் நான்கில் இழவும் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது வெறும் வரிசை என்று நான் நினைக்கவில்லை. நமது இலங்கை மலையகத்துக் காமன் கூத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. மாசியிலும் பங்குனியிலும் தோட்டத்துக்குத் தோட்டம் ரதியும் மதனும் ஆடி வருவார்கள். வேடக்காரர்களின் கேலியில், தொழிலாளர் குடியிருப்பான லயமே சிரிக்கும். மதன் எரிந்தபின் ரதி புலம்பும்போது அதே சனம் கண்ணைத் துடைத்துக்கொள்ளும். ஒரே இரவில், ஒரே களத்தில் இரண்டும் நடக்கும். சிரிப்பு அழுகையைக் கெடுத்துவிட்டதாக எந்த அப்பாயியும் சொன்னதில்லை.

அந்த அளவுகோலில் முதல் பருவம் மிக உயரமாக நிற்கிறது. பள்ளிக்கூட இசைக் கச்சேரியில் தேவி யாழ் வாசித்துக்கொண்டிருக்கும்போது தகப்பன் மாரடைப்பால் சரிகிறார். அதற்குப் பிறகு மூன்று மாதங்கள் அவளுடைய கால்கள் இயங்கவில்லை. உடம்பில் கோளாறு எதுவும் இல்லை. மனம்தான் கால்களை நிறுத்தியிருக்கிறது. பள்ளிக்கூடத்தின் அழகான பையனை எட்டிப் பார்க்க எழும்பும்போது கால் திரும்புகிறது. இதைக் கேட்கச் சிரிப்பு வரும்; வரவேண்டும். ஆனால் அவள் தன் துக்கத்திலிருந்து ஓடுவதற்குத்தான் பையன்களின் பின்னால் ஓடுகிறாள் என்பதை அந்தச் சிரிப்புக்குள்ளேயே எழுத்தாளர்கள் வைத்துவிடுகிறார்கள். அடுத்த ஒன்பது அத்தியாயங்களும் அதன் விரிவுதான். தெருவில் திரியும் கொயோட்டி என்ற காட்டு விலங்கைத் தகப்பனின் மறுபிறவி என்று நம்பி அதனோடு பேசுகிறாள். பேதைமையும் இளமையும் சேர்ந்த நகை இது. அடியில் ஓடுவது இழவு.

கதையைச் சொல்லும் குரலையும் இங்கே எடுத்துப் பார்க்கவேண்டும். தேவியின் மனதைப் பேசுபவர் டெனிஸ் வீரர் ஜோன் மெக்கன்ரோ. முதலில் இது வெறும் வித்தைபோலத் தெரியும். மெக்கன்ரோ மோகனுக்குப் பிடித்த ஆட்டக்காரர், கோபக்காரர் என்று தெரியவரும்போதுதான் ஏன் அந்தக் குரல் என்பது புரிகிறது. அப்பாவோடு உட்கார்ந்து பார்த்த ஆட்டத்தின் குரலே மகளின் மனக்குரலாக மிஞ்சியிருக்கிறது. தகப்பனை இழந்த பிள்ளையின் மனதை இதைவிடச் சிக்கனமாகக் காட்டிய நகைச்சுவைத் தொடர் எனக்குத் தெரியாது.

தொடரின் உச்சம் தாய்க்கும் மகளுக்கும் நடக்கும் சண்டை. அன்றிரவு நீ செத்திருக்கவேண்டும் என்ற பொருளில் தேவி தாயைப் பார்த்துச் சொல்லிவிடுகிறாள். நளினியாக நடிக்கும் பூர்ணா ஜெகந்நாதன் அந்த இடத்தில் அழுது தீர்ப்பதில்லை. முகம் இறுகுகிறது, கண்கள் மட்டும் மாறுகின்றன. மகள் சொன்னதைத் தானும் எத்தனையோ இரவு நினைத்திருப்பாள் என்று அந்த முகத்தில் படிக்கலாம். அடுத்த அத்தியாயத்தில் மலிபு கடற்கரையில் மூவருமாக அஸ்தியைக் கரைக்கிறார்கள். நகைச்சுவைத் தொடர் ஒன்று பத்து அத்தியாயங்களை அஸ்தி கரைப்பில் கொண்டுவந்து நிறுத்துவது துணிச்சல். அந்தத் துணிச்சலுக்குரிய உழைப்பும் அதில் இருக்கிறது.

ஆனால் இரண்டாம் பருவத்தில் கை தளர்கிறது. தேவி ஒரே நேரத்தில் இரண்டு பையன்களோடு பழகுவதும் அகப்படுவதும் எந்தப் பதின்வயதுத் தொடரிலும் நடக்கக்கூடியவை. யாரோடு சேருவாள் என்ற கேள்வியைத் தூக்கிப் பிடித்ததும், வீடு பின்னால் போய்விடுகிறது. இத்தனைக்கும் வீட்டுக்குள்ளேதான் புதிய பொருள் வந்து காத்திருக்கிறது. நளினி இன்னொரு மருத்துவரை விரும்பத் தொடங்குகிறாள். அதே வீட்டில் அவளுடைய மாமியார், இறந்தவனின் தாய், இருக்கிறார். தமிழ்ச் சமூகத்தில் இதைவிடக் கனமான நிலைமையை வீட்டுக்குள் வைக்க முடியுமா? விதவை மருமகளும் மகனை இழந்த தாயும் ஒரே அடுப்பில் சமைக்கும்போது என்ன பேசிக்கொள்வார்கள், என்ன பேசாமல் விடுவார்கள் என்பதற்குள் தொடர் இறங்கவேயில்லை. மகளின் கோபத்தையும் நளினியின் பின்வாங்கலையும் காட்டிவிட்டு விலகிப் போகிறது. மாமியாரைச் செல்லமான, வேடிக்கையான கிழவியாகவே வைத்துக்கொண்டார்கள். கடைசிப் பருவத்தில் அந்தப் பாட்டியே ஒரு வெள்ளைக்காரரை மணக்கிறார். கடைசி அத்தியாயத்தில்தான் அந்தக் கல்யாணம் நடக்கிறது. கொண்டாட்டம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த முடிவுக்குப் போகும் வழியை யாரும் கட்டவில்லை. வயதான தமிழ்ப் பெண் ஒருத்தி மறுமணத்துக்குத் தன் மனதை எப்படித் தயார்செய்தாள் என்ற கதை எழுதப்படாமலே போயிற்று. அதுதான் பெரிய கதை.

மூன்றாம் பருவம் மீண்டும் தன் பாதைக்கு வருகிறது. தகப்பன் இறந்ததற்குப் பிறகு முதன்முறை ஓர் இசைக் கச்சேரிக்குப் போகும் தேவி அங்கே நிலைகுலைகிறாள். நளினியின் புதிய தோழி, தன் மகன் இப்படிப்பட்ட பெண்ணோடு பழகவேண்டாம் என்று விலக்குகிறாள். அப்போது நளினி தோழமையை முறித்துக்கொண்டு மகளின் பக்கம் நிற்கிறாள். முதல் பருவத்தில் அந்தக் கொடிய சொல்லைக் கேட்டவள் இப்படி நிற்கும்போது, இருபத்தைந்துக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள் ஏன் தேவைப்பட்டன என்பது தெளிவாகிறது. தூரத்துப் பள்ளியில் கிடைத்த இடத்தை விட்டுக்கொடுத்து, வீட்டில் மீதமிருக்கும் ஓராண்டைத் தாயோடு கழிக்கத் தேவி முடிவெடுப்பதும் இந்தப் பருவத்தில்தான். தொடர் அங்கேயே முடிந்திருந்தால் இன்னும் உயர்ந்திருக்கும்.

இனி இரண்டாவது கேள்வி. இது தமிழ் வீடா?

தேவியாக நடித்த மைத்ரேயி ராமகிருஷ்ணன் கனடாவின் மிசிசாகாவில் பிறந்தவர். இலங்கையிலிருந்து அகதிகளாகப் போன தமிழ்க் குடும்பத்துப் பெண். திறந்த அழைப்புக்கு வந்த சுமார் 15,000 பேரிலிருந்து தேர்வானவர். அவர் ஏற்பதோ சென்னையில் வேர்விட்ட இந்தியத் தமிழ்ப் பெண்ணின் வேடம். இலங்கையில் பிறந்தும் ‘இந்திய வம்சாவளி’ என்று தலைமுறை தலைமுறையாகப் பதியப்பட்டு வந்த நாம் இங்கிருந்து பார்க்கும்போது, ஈழத்துக் குடும்பத்துப் பிள்ளை இந்தியத் தமிழச்சியாக நடிப்பதில் தவறு எதுவும் தெரியவில்லை. இழப்பு நடிகையின் குடும்ப வரலாறு கதையில் ஒரு சொல்லாகக்கூட நுழையாததில்தான். போரிலிருந்து தப்பி வந்தவர்களின் வீட்டில் துக்கத்துக்கு இன்னும் எத்தனை அடுக்குகள் இருக்கும்!

வீட்டுக்குள் கேட்கும் தமிழ் மிகக் குறைவு. ‘கண்ணா’ என்று கூப்பிடுவதும் ‘பாட்டி’ என்ற முறைச்சொல்லும் கேட்கின்றன. கோபத்திலோ பயத்திலோ தாய்மொழி வெடித்து வரும் இடம் இல்லை. சென்னையில் பிறந்து வளர்ந்த நளினியும் மாமியாரும் தனியாக இருக்கும்போதும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்கிறார்கள். அமெரிக்கப் பார்வையாளருக்காக என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் எழுத்து வரி காட்டி வேற்றுமொழியில் ஓடும் தொடர்களை அதே நெட்ஃபிளிக்ஸ் உலகம் முழுவதும் பார்க்க வைத்திருக்கிறதே.

முதல் பருவத்தின் நான்காவது அத்தியாயத்தில் வரும் கணேச பூசை எனக்கு மிகவும் பலவீனமாகத் தோன்றியது. அந்தக் காட்சியை எந்த இந்திய மொழிக்காரர் வீட்டுக்கும் அப்படியே மாற்றிவிடலாம். அங்கே வரும் மாமிமாரைத் தொடர் எள்ளலோடு பார்க்கிறது. வீட்டுக்குள் இளமையிலிருந்தும் பேதைமையிலிருந்தும் பிறந்த நகை, வெளியே போனதும் எள்ளலாகச் சுருங்குகிறது. அதைவிடக் கவலை தருவது, முஸ்லிம் ஒருவரை மணந்து பிரிந்து, சுற்றத்தால் ஒதுக்கப்பட்ட பெண்ணை அந்தக் கூட்டத்தில் எச்சரிக்கைப் பலகைபோல நிறுத்தியது. ஒதுக்கியவர்களைத் தொடர் கேள்வி கேட்கவில்லை. பண்டாரவளைக் கடைத்தெருவில் தமிழரும் முஸ்லிம்களுமாக ஒரே மொழி பேசி அடுத்தடுத்த கடையில் வாழும் நமக்கு இந்த மௌனம் உறுத்தும். சாதியும் அப்படித்தான். கமலாவுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், ‘நல்ல குடும்பம்’ பார்க்கிறார்கள். அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருப்பதைத் தொடர் திறக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இதில் பாலியல் பேச்சு தாராளம். அப்பாயியும் பத்து வயதுப் பேத்தியும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கும் தொடர் இது அல்ல. வளர்ந்த பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் உரியது.

‘வழக்கத்துக்கு மாறான குடும்பம்’ என்று இந்தத் தொடரையும் இதற்கு முந்தியவற்றையும் விளம்பரம் செய்வதுண்டு. 1964இன் ‘ஆடம்ஸ் ஃபேமிலி’ இதை நன்றாகவே புரிந்துவைத்திருந்தது: அந்த வீட்டார் தங்களை இயல்பானவர்களாகவே நினைக்கிறார்கள்; விசித்திரம் என்று பார்ப்பது அயல் வீட்டுக் கண். நமது ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டங்களில் நடந்து பார்த்தால் அமெரிக்கா விசித்திரம் என்னும் வீடுதான் பெரும்பாலும் தென்படும். அப்புத்தளையிலும் பூனாகலையிலும் பசறையிலும் எத்தனை லயங்களில் தாய் குவைத்திலோ சவூதியிலோ லெபனானிலோ வேறொருவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டிருக்கிறாள்! அவள் பிள்ளையை அம்மாயியோ பெரியம்மாவோ வளர்க்கிறாள். தகப்பன் கொழும்பில் கடையில். கணவனை இழந்தவள் அடுத்த மாதமே பெரட்டு என்ற காலை ஆளெடுப்புக்குப் போய் நின்று கொழுந்துக் கூடையை மாட்டவேண்டும்; துக்கம் காக்க அவளுக்கு நேரம் இல்லை. நளினிக்கு மருத்துவப் பணி இருந்தது. நமது பெண்ணுக்குச் செக்ரோல் என்ற வருகைப் பதிவேடு இருக்கிறது. இரண்டு பேருக்கும் பொதுவானது, வீட்டை ஓட்டிக்கொண்டே அழவேண்டியிருப்பது.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினார்கள். திரும்பி வந்தபோது வீடு இல்லை, சிலருக்குப் பெற்றோர் இல்லை. எஞ்சியவர்களைக் கொண்டு புதிய வீடுகள் உருவாயின. அந்த வீடுகளிலும் பிள்ளைகள் பிறகு சிரித்திருப்பார்கள், சண்டை பிடித்திருப்பார்கள், பதினைந்து வயதில் யாரையோ எட்டிப் பார்த்திருப்பார்கள். துக்கத்தை மறைக்காமல் அந்தச் சிரிப்பை எழுத முடியும் என்பதைத்தான் தேவியின் கதை எனக்குக் காட்டியது. செய்தி ஒளிபரப்பு அவர்களை அழுபவர்களாக மட்டுமே காட்டிவிட்டுப் போனது.

இலங்கைத் தமிழுக்கு நகைச்சுவை வராது என்று யாரும் சொல்ல முடியாது. இலங்கை வானொலியில் எஸ். ராம்தாஸ் எழுதி நடித்த ‘கோமாளிகள் கும்மாளம்’ வீடுவீடாகச் சிரிக்க வைத்தது. 1976இல் ‘கோமாளிகள்’ என்ற படமாகவும் வந்தது. ராம்தாஸின் மரிக்கார், ராஜகோபாலின் அப்புக்குட்டி, செல்வசேகரனின் உபாலி, அப்துல் ஹமீதின் ஐயர் என்று நால்வர். முஸ்லிம் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்கள வாடை வீசும் தமிழ், அக்கிரகாரத் தமிழ். பேச்சு வேறுபாட்டையே நகைச்சுவையாக்கி, யாரையும் இழிவுபடுத்தாமல் ஒரே கூட்டில் வைத்த சாதனை அது. அந்த நால்வரில் தோட்டத்துப் பேச்சுக்கு ஓர் ஆள் இல்லை. வி. பி. கணேசன் 1975இல் ‘புதிய காற்று’ எடுத்து மலையகத் தொழிலாளியைத் திரைக்குக் கொண்டுவந்தார். அது போராட்டக் கதை. லயத்தின் அன்றாடச் சிரிப்பு திரையில் இடம்பிடிக்காமலே இருந்துவிட்டது. நமது டிஷ் அன்டெனாக்களோ சென்னை மெகா தொடர்களின் மாளிகைகளை நோக்கித் திரும்பியிருக்கின்றன.

ஆகவே என் தீர்ப்பு இது. குடும்ப நகைச்சுவை என்ற வடிவத்தில், சாவை வசதிக்காகப் பயன்படுத்திய ‘ஃபுல் ஹவுஸ்’ வரையிலான வரிசைக்கு மேலே ‘நெவர் ஹேவ் ஐ எவர்’ நிற்கிறது. முதல் பருவமும் மூன்றாம் பருவமும் அந்த இடத்தைச் சம்பாதித்துக் கொடுக்கின்றன. இரண்டாவதும் நான்காவதும் அதைக் குறைக்கின்றன. பூர்ணா ஜெகந்நாதனின் நளினி, தமிழ்த் தாய்க்குத் திரையில் கிடைத்த ஆழமான உருவங்களில் ஒன்று. தமிழ் வாழ்வைச் சொல்லும் படைப்பாக இதை வைத்துப் பார்த்தால் பாதி வழிதான் வந்திருக்கிறது. மொழியைத் தொடவில்லை, சாதியைத் தொடவில்லை, மாமியாரின் மனதைத் தொடவில்லை.

மீதிப் பாதியை அமெரிக்காவில் எழுதுவார்கள் என்று காத்திருக்க வேண்டியதில்லை. சக்தி, வசந்தம், நேத்ரா என்று இந்த நாட்டில் தமிழ் ஒளிபரப்பு இருக்கிறது. ஊவாவில் எழுதத் தெரிந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். தாய் வெளிநாட்டில் இருக்க, அம்மாயி வளர்க்கும் ஒரு லயத்து வீட்டை, லயத்துப் பேச்சிலேயே, பதின்மூன்று அத்தியாயங்களுக்கு எழுதச் சொல்லி அவர்களை அழையுங்கள். அவர்கள் எழுதிக் கொண்டுவருவதைக் கொழும்புத் தமிழுக்குத் திருத்தாமல் எடுங்கள்.